‘என்ன புத்தகம் வேணும்?’ என்று கேட்க முன்: குடாநாட்டு வாசிகசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நூலகர்களுக்கும், சனசமூக நிலைய நிர்வாகிகளுக்கும், உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகளே நிர்வாகம் பார்த்தார்கள். 2025 மே மாதத் தேர்தலோடு சபைகள் திரும்பவும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. வாசிகசாலைகளுக்கு என்ன செய்யலாம் என்ற கதையும் அதோடு எழும்பியிருக்கிறது. என் காதில் விழுந்த அளவில் அந்தக் கதை கணினி, புதுப் புத்தகம், கூரைத் திருத்தம் என்ற மூன்றுக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றும் வேண்டியவைதான். மாரிக்குக் கூரை ஒழுகினால் மிச்சம் எதைப் பற்றியும் கதைக்க இயலாது.

நான் எழுத வந்தது நாலாவதாக ஒன்றைப் பற்றி. அதற்குச் செலவு குறைவு, திறப்பு விழா வைக்க முடியாது, பலகையில் பெயர் பொறிக்கவும் வழியில்லை. அதனால்தானோ என்னவோ எந்தச் சபையிலும் அது பிரேரணையாக வருவதில்லை. உள்ளே வருகிற மனிதர் எப்படித் தேடுகிறவர் என்று நாங்கள் கவனிப்பதில்லை. தான் தேடுவதன் பெயர் தெரிந்து, அதை ஒரு சொல்லில் சொல்லக்கூடியவர் ஒருவரை மனதில் வைத்துத்தான் எங்கள் மேசை, அலுமாரி, பதிவேடு எல்லாம் போடப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரிய நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கீழே சொல்லப்போவது அந்த இரண்டு இடத்திலும் கண்டது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். தாயின் சீதனக் காணி ஒன்று, தகப்பன் கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய துண்டு ஒன்று. பிள்ளைகள் மூன்று பேர். யாருக்கு எது, எப்படிப் பிரிப்பது என்று தெரியவேண்டும். மூவருக்கும் ஒரே அலுவல், ஒரே காணி உறுதிகள், ஒரே கவலை. தேடிய விதம் மட்டும் மூன்று.

மூத்த அக்கா சதுரக் கொப்பி ஒன்றோடு வந்தார். அதில் 1, 2, 3 என்று இலக்கம் போட்டிருந்தது. முதலில் எந்தக் கடதாசி, அடுத்து எந்தக் கந்தோர், அதற்குப் பிறகு யாருடைய கையெழுத்து. ஒன்றாவது முடியாமல் இரண்டாவதைப் பற்றிக் கதைத்தால் அவருக்குச் சினம் வரும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அது ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கியது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். “உந்தப் பழங்கதை எனக்கு வேண்டாம் சேர். முதல் எங்க போறது எண்டு சொல்லுங்கோ.”

அதே புத்தகத்தை அவருடைய தம்பி, லீவில் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தவர், இரவிரவாக வாசித்திருக்கிறார். ஆளுநர் சைமன்ஸ் கேட்டதற்கிணங்க கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707இல் எங்கள் வழமைகளைத் தொகுத்து முடித்தது, பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றது, பிறகு 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள் மற்றும் முதுசச் சட்டம், காணியை முதலில் வாங்கும் உரிமை பற்றிய 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டம் என்று போய்க்கொண்டே இருந்தார். அங்கிருந்து தோம்புக்கு, அதாவது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டுக்குத் தாவினார். பழைய வரைபடம் ஏதும் இருக்கோ என்று கேட்டார். பார்க்கிறவர்களுக்கு, இவர் காணி அலுவலை விட்டுவிட்டுச் சரித்திரம் படிக்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் தோன்றும். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒருநாள் திடீரென்று அவர் கேட்டார்: “அப்ப அப்பா பிறகு வாங்கினது தேடியதேட்டம். அம்மாவின்ர சீதனத்தோட அதை ஒரே கணக்கில போடேலாது, என்ன?” கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தைத்தான் தேடியதேட்டம் என்பது. அக்காவின் கொப்பியில் அந்தக் கேள்விக்கு இலக்கமே இல்லை. இரண்டு காணியையும் ஒன்றாகவே எழுதி வைத்திருந்தார்.

கடைசித் தங்கச்சி கொப்பியும் கொண்டு வரவில்லை, புத்தகமும் கேட்கவில்லை. “இதில ஆரைக் கேட்டா நல்லது, சேர்?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. சொல்கிற ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குச் செய்தியின் நிறை தெரியும். இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்த பெரியவரைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். உறுதிக்குச் சாட்சி வைத்தவர் இன்னும் இருக்கிறார் என்று கண்டறிந்ததும் அவர்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் அது.

எங்களிடம் வர முன்பு இவர்கள் வேறொரு இடத்துக்குப் போயிருந்தார்கள். பெயர் வேண்டாம். மூவருக்கும் அங்கே கிடைத்த முதல் வசனம் ஒன்றுதான்: “என்ன புத்தகம் வேணும்?” அக்கா “காணிச் சட்டம்” என்று சொல்லி, தடித்த தொகுதி ஒன்றை வாங்கி, ஒன்றும் விளங்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பழைய நூல்களைப் பார்க்கக் கடிதம் வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி “ஒண்டுமில்லை, சும்மா வந்தனான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

கேட்டவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் படிப்பித்தது அவ்வளவுதான்.

இந்த மூன்று விதமும் எங்கள் ஊரில் மட்டும் உள்ளவை என்று நினைக்க வேண்டாம். கோர்டன் பாஸ்க் என்ற பிரித்தானிய ஆய்வாளர் பேர்னார்ட் ஸ்கொட்டோடு சேர்ந்து 1972இல் ஒரு பரிசோதனை வெளியிட்டார். இல்லாத விலங்குகள் சிலவற்றை அவர்கள் கற்பனையாக உண்டாக்கினார்கள். ‘கிளொபிட்’ என்று ஒரு பெயர் வைத்து, அவற்றின் இனங்கள், உபஇனங்கள், வால், கால், உடம்பு பற்றிய விபரங்களை அட்டைகளில் எழுதிக் கவிழ்த்து வைத்தார்கள். அந்த விலங்குகள் எந்த அடிப்படையில் வகுக்கப்பட்டிருக்கின்றன என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையைத் திருப்ப முன்பும் ஏன் அதை எடுக்கிறேன் என்று சொல்லவும் வேண்டும். சிலர் ஒரு ஊகத்தை எடுத்து, அதைச் சரி பிழை பார்த்து முடித்துத்தான் அடுத்ததுக்குப் போனார்கள். பாஸ்க் அவர்களைத் தொடராகப் போகிறவர்கள் என்றார். மற்றவர்கள் நாலைந்து விடயத்தை ஒரேயடியாகக் கோத்து, பெரிய ஊகமாக வைத்துக்கொண்டு அங்குமிங்கும் அட்டை திருப்பினார்கள். இவர்கள் முழுமையாகப் பார்க்கிறவர்கள். இரு கூட்டமும் வகுத்த முறையைக் கண்டுபிடித்தது.

அடுத்த கட்டம்தான் நூலகர்களுக்கு முக்கியம். வேறொரு கற்பனை விலங்கைப் பற்றிய பாடத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று படிப்படியாகப் போவது, மற்றது பெரிய படத்தில் தொடங்கி உள்ளே இறங்குவது. தன் போக்குக்கு ஏற்ற பாடம் கிடைத்தவர்கள் பிறகு வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். மாறிக் கிடைத்தவர்கள் விழுந்தார்கள். சிறிய பரிசோதனைதான், எல்லாவற்றுக்கும் அதைச் சாட்சியாக இழுக்க முடியாது. ஆனாலும் அக்காவும் தம்பியும் ஒரே புத்தகத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்த எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை.

இரண்டு போக்குக்கும் உரிய வியாதியையும் பாஸ்க் சொல்லிவைத்தார். முழுமையாகப் பார்க்கிறவர் ஆதாரம் போதாமலே ஊர் சுற்றி, பொருந்தாத ஒப்புமைகளைப் பொருத்திவிடுவார். தொடராகப் போகிறவர் ஒவ்வொரு கல்லையும் சரியாக வைத்துவிட்டு, இது எந்தக் கட்டடம் என்று பார்க்க மறந்துவிடுவார். எங்கள் ரியூட்டரிப் படிப்பு இரண்டாவது வியாதியைத்தான் கூடுதலாக வளர்க்கிறது என்பது என் எண்ணம். குறிப்பு, பழைய வினாத்தாள், புள்ளித் திட்டம் என்று ஒழுங்காகப் போய் மூன்று ஏ எடுத்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதல் கட்டுரை எழுதச் சொன்னதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம், இங்கே விடுகிறேன்.

தங்கச்சியின் விதத்துக்கும் ஒரு பழைய ஆய்வு உண்டு. ஹேர்மன் விற்கின் என்ற அமெரிக்க உளவியலாளர், இருட்டறையில் படச்சட்டம் போன்ற ஒளிரும் சட்டம் ஒன்றைச் சரித்து வைத்து, அதற்குள் இருக்கும் கோலை நேராக நிமிர்த்தச் சொன்னார். சிலர் சட்டம் எப்படிச் சரிந்திருந்தாலும் கோலை நேராக்கினார்கள். சிலருக்குச் சட்டம் சரிந்தால் கோலும் சரிந்தது. சூழலோடு சேர்த்துப் பார்க்கும் இந்த இரண்டாமவர்கள், தெளிவில்லாத விடயம் வந்தால் மற்ற மனிதரிடமிருந்து தகவல் பெறுவதில் கூடிய நாட்டம் உள்ளவர்கள் என்று விற்கினும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970களில் எழுதினார்கள். இந்தச் சோதனை போக்கை அளக்கவில்லை, திறமையைத்தான் அளக்கிறது என்று பின்னாளில் வந்த கண்டனம் நியாயமானது. ஆனபடியால் தங்கச்சிக்கு நான் அந்தப் பட்டம் கட்டவில்லை. ஆளைக் கேட்டு அறிவது தகவல் தேடலின் ஒரு முழுமையான வழி, புத்தகம் தெரியாதவரின் குறைபாடு என்று அதைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நைஜல் ஃபோர்ட், ரொம் வில்சன் முதலான தகவலியல் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இந்த விடயத்தை நேரே தகவல் தேடலில் வைத்துப் பார்த்தார்கள். முழுமையாகப் பார்க்கிறவர்கள் கூடுதலாக அலைந்து தேடினார்கள், எதேச்சையாகக் கண்ணில் பட்டதைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்று கண்டார்கள். இதற்கு 13 வருடம் முன்பே, 1989இல், மார்சியா பேற்ஸ் என்ற அமெரிக்க நூலகவியலாளர், மனிதர் ஒரு கேள்வியைக் கொடுத்து ஒரு விடையை எடுப்பதில்லை, சிறுபழம் பொறுக்குகிறவர்போல் இங்கொன்று அங்கொன்றாகச் சேர்க்கிறார்கள், சேர்க்கச் சேர்க்கக் கேள்வியே மாறுகிறது என்று எழுதினார். விடியக்காலை பனங்காய் பொறுக்கப் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எந்த மரத்தடியில் விழுந்திருக்கும் என்று வீட்டில் இருந்து பட்டியல் போட்டுக்கொண்டு எவரும் போவதில்லை.

இனி என் முறைப்பாடு. நான் பார்த்த பல வாசிகசாலைகளில் பத்திரிகை மேசை திறந்திருக்கிறது, புத்தக அலுமாரி பூட்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே முதுகு காட்டி நிற்கும் நூல்கள், திறப்பு செயலாளரின் வீட்டில். தேவையான தலைப்பைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். அலைந்து தேடுகிற தம்பிக்கு அந்த இடத்தில் செய்ய ஒன்றும் இல்லை.

பூட்டு ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாததில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளும் போயின. அதற்குப் பிறகு இடம்பெயர்வுகள். திரும்பி வந்து பார்த்தபோது எத்தனை வாசிகசாலைகளில் அலுமாரியே இல்லை. அப்படி இழந்த சமூகத்துக்குப் புத்தகத்தைப் பூட்டி வைக்கிற குணம் வரத்தான் செய்யும். அதை நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் பாதுகாக்க இன்று வேறு வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளைப் படியெடுத்து எவரும் திறந்து பார்க்கும்படி வைத்திருக்கிறது. உங்களிடம் அபூர்வமான பிரதி இருந்தால் படியெடுக்கக் கொடுத்துவிட்டு அந்த ஒரு பிரதியைப் பூட்டுங்கள். மிச்சம் எல்லாம் கைக்கு எட்டட்டும். நாலு புத்தகம் களவு போகும். போகட்டும். பூட்டிய அலுமாரிக்குள் நாற்பது புத்தகத்தைச் செல்லரிக்கிறது, அதற்கு ஒருவரும் கணக்கு வைப்பதில்லை.

திறந்த அலுமாரி என்பது புதுச் சங்கதியும் அல்ல. சீர்காழியில் பிறந்து, கணிதம் படிப்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகவியல் படித்த எல்லோரும் பாடமாக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி. வாசகரே அலுமாரிக்குள் கை வைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். 1959இல் திறந்த எங்கள் பொது நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவரும் அவர்தான். அவர் ஆலோசனை சொன்ன ஊரில் அவருடைய விதிகள் சோதனைத் தாளில் மட்டும் நின்றுவிடக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் திறந்து விட்டுவிட்டால் சரி என்றும் சொல்லவில்லை. அக்காவுக்குத் திறந்த அலுமாரி ஒரு காடு. அவருக்கு வேண்டியது ஒரு பக்கத் தாள்: காணி அலுவல் என்றால் முதல் இது, பிறகு இது, இந்தக் கந்தோர், கொண்டு போக வேண்டியவை இவை. கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவுத் திருத்தம், வெங்காயத்தில் வந்த நோய், நீரிழிவுக்காரரின் சாப்பாடு என்று ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பத்துப் பதினைந்து விடயத்துக்கு இப்படித் தாள் எழுதலாம். ஓய்வு பெற்ற எழுதுவினைஞர்களும் தாதியரும் விவசாயப் போதனாசிரியர்களும் எந்த ஊரில் இல்லை? தாளின் அடியில் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919, விவசாய ஆலோசனைக்கான 1920 என்ற இலக்கங்களைப் போடுங்கள். வாசிப்பதைவிட ஒரு குரலைக் கேட்டால்தான் மனம் ஆறுகிறவர்களுக்கு அது உதவும்.

தங்கச்சிக்காக ஒரு கொப்பி. ஊரில் யார் எதில் விளக்கமுள்ளவர், எந்த நேரம் சந்திக்கலாம் என்று அவரவரின் சம்மதத்தோடு எழுதி, பொறுப்பாளரிடம் இருக்க வேண்டியது. பெயரும் ரெலிபோன் இலக்கமும் சுவரில் ஒட்டுவதற்கல்ல. கேட்க வந்தவரைப் பொறுப்பாளர் பார்த்து, இன்னாரிடம் போங்கோ என்று அனுப்புவதற்கு. எங்கள் பெரியவர்கள் தலைக்குள் வைத்திருந்த இந்தக் கொப்பி, பாதி ஊர் வெளிநாடு போன பிறகு கிழிந்துவிட்டது. புதிதாகக் குடிவந்தவருக்கும் கலியாணம் முடித்து வந்த பெண்ணுக்கும் அது ஒருபோதும் கிடைத்ததில்லை.

தம்பிக்காக இரண்டு சின்ன வேலை. திரும்பி வந்த புத்தகங்களை உடனே அடுக்காமல், அன்று முழுக்க ஒரு மேசையில் பரப்பி விடுங்கள். மற்றவர்கள் வாசித்தது என்னவென்று பார்க்க ஆட்கள் வருவார்கள். மற்றது, மாதம் ஒரு தட்டை இலக்கப்படி அடுக்காமல் ஒரு விடயத்தைச் சுற்றி அடுக்குங்கள். தண்ணீர் என்று எடுத்தால் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல், கிணறு, துலா மிதிப்பு, சிறுநீரக நோய், ஊர்க் குளங்களின் சரித்திரம், ஒரு சிறுகதைத் தொகுதி. நூல்களுக்கு இலக்கமிடும் தசமப் பகுப்பில் இவை ஒன்றையொன்று சந்திக்காது. கூட்டம் கூட்டி விளக்கம் சொல்லாமலே, அந்தத் தட்டின் முன்னால் நிற்கிறவரின் மனதில் அவை சந்திக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அந்த முதல் வசனம். ரொபேட் ரெய்லர் என்ற அமெரிக்க நூலகர் 1968இல் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது. மனிதருக்குள் முதலில் இருப்பது சொல்லில் வராத ஒரு குறை. பிறகு அது மங்கலான எண்ணமாகும். அதற்குப் பிறகுதான் தெளிவான கேள்வி. கடைசியாக, இந்த நூலகத்தில் எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து, அந்தக் கேள்வியையும் வெட்டிக் குறைத்து மேசையில் வைக்கிறார். நாங்கள் கேட்பது அந்த நாலாவதை. “என்ன புத்தகம் வேணும்?” என்பது மூன்று படியை வந்தவரின் தலையிலேயே போட்டுவிடுகிறது. “என்ன அலுவலா வந்தனீங்கள்? இதுவரை என்ன பார்த்தனீங்கள்? இது கிடைச்சா என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டால் அவர் முதலாம் படியில் நின்றாலும் இறங்கி வந்து கைபிடிக்கலாம். இருக்க ஒரு கதிரையும் வேண்டும். நின்றுகொண்டு, பின்னால் வரிசை பார்க்க, வீட்டு அலுவலை எவர் சொல்வார்?

இந்த நாட்டின் சட்டம்கூட இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எழுத்தில் விண்ணப்பிக்க இயலாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் ஆக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. அரச கந்தோருக்குச் சட்டம் விதித்த அந்த மரியாதையை வாசிகசாலை தானாகவே கொடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு யாராவது அங்கத்துவப் படிவத்தில் ‘நீங்கள் தொடராகச் சிந்திப்பவரா, முழுமையாகச் சிந்திப்பவரா’ என்று கட்டம் போட்டால் நான் கவலைப்படுவேன். பாடசாலைகளில் பிள்ளைகளைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிரித்த கூத்தைப் பார்த்திருக்கிறோம். அப்படிப் பிரித்துப் படிப்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரல்ட் பஷ்லரும் மூன்று உளவியலாளரும் 2008இல் தெளிவாக எழுதிவிட்டார்கள். சிந்திக்கும் போக்கு இரத்த வகைபோல் ஒருவரோடு ஒட்டியதல்ல. காணி அலுவலில் இலக்கம் போட்டு நடந்த அதே அக்கா, மகளுக்குக் கூறைச் சேலை எடுக்கப் போனபோது நாள் முழுக்கக் கடை கடையாக அலைந்தவர். தெரிந்த விடயத்தில் துணிந்து அலைகிறவர்கள், பயம் பிடித்த விடயத்தில் படி கேட்கிறார்கள். தேடலின் நடுவில், தொடக்கத்து உற்சாகம் வடிந்து, குழப்பமும் தயக்கமும் கூடுவது எல்லோருக்கும் பொதுவானது என்று கரோல் கூல்தாவ் என்ற அமெரிக்க நூலகவியலாளர் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே ஆட்களை வகுக்க வேண்டாம். வழிகளைக் கூட்டுங்கள். எந்த வழியால் போவது என்று வந்தவரே பார்த்துக்கொள்வார்.

‘இப்ப எல்லாரும் போனிலதானே தேடுகினம்’ என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் தேடல் பெட்டியும் “என்ன புத்தகம் வேணும்?” என்ற கேள்வியைத்தான் கேட்கிறது, இன்னும் சுருக்கமாக. சொல் தெரியாதவருக்கு அங்கேயும் கதவு ஒடுக்கம். கேட்டதும் பந்தி பந்தியாக விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒருவிதத்தில் நல்லவை. சொதப்பலாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் தரும். அக்காவுக்குப் படி போட்டுக் கொடுக்கும். அந்தப் படி தேசவழமைக்கு உட்பட்ட காணிக்குப் பொருந்துமா, பொதுச் சட்டத்துக்குரியதா, அல்லது தமிழ்நாட்டு நடைமுறையா என்று அவருக்கு யார் சொல்வது? ஆளைக் கேட்டு அறிகிறவர்களோ வட்ஸ்அப் குழுவுக்குப் போகிறார்கள். அங்கே வருவது யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பியது. தங்கச்சி நம்பிய முகம் அதில் இல்லை.

2022 யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். இளம் ஆட்கள் போனில் பதிந்துவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வாகனப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசிகசாலைக்கு வந்தார்கள், ‘பெடியள் ஆரும் நிப்பினம்’ என்ற நம்பிக்கையில். கணினி இருந்ததால் வரவில்லை, அன்று மின்சாரமே ஒழுங்காக இல்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்கும் என்பதற்காக வந்தார்கள். வாசிகசாலை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் அதை எந்தத் தலைப்பில் ஆண்டறிக்கையில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆளில்லை, சம்பளம் கொடுக்கக் காசில்லை என்பீர்கள். பொறுப்பாளர் ஒருவரை முழுநாளும் வைத்திருக்க முடியாத நிலையங்கள் பல என்பதை அறிவேன். பின்னேரம் நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை, ஓய்வு பெற்றவர்கள் முறை வைத்து அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒருவர் வராத நாளும் உண்டு, சண்டை பிடித்த நாளும் உண்டு. உள்ளூராட்சி சபைகளிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. நூலக உதவியாளர்களுக்கு வைக்கும் பயிற்சியில் பகுப்பாக்கத்துக்கும் பட்டியலாக்கத்துக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கை, வந்தவரோடு கதைத்துக் கேள்வியை வெளியே எடுக்கிற பயிற்சிக்குக் கொடுங்கள். சனசமூக நிலையங்களுக்குக் கொடுக்கும் தளபாட நிதியில் பூட்டுப் போட்ட கண்ணாடி அலுமாரிக்குப் பதில் திறந்த தட்டுகள் வாங்க அனுமதியுங்கள். அலுமாரிதான் வாங்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறதாம். இருந்தால் மாற்றுங்கள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு எப்படியும் கூட்டம் போடுவீர்கள். பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி, பரிசளிப்பு, பிரதம விருந்தினரின் நீண்ட உரை. அதில் ஒரு பின்னேரத்தை விட்டு, ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டு, கடைசியாக நீங்கள் ஒன்றை அறிய வேண்டி வந்தபோது முதலில் எங்கே போனீர்கள், யாரைக் கேட்டீர்கள், எங்கே கைவிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம். எங்கள் நிலையத்துக்கு வந்து பாதியில் திரும்பியவர்களின் கதைகளும் அதில் வந்தன. எழுதி வைத்திருக்கிறோம்.

காணி அலுவல், கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவுத் திருத்தம் ஆகிய மூன்றுக்கும் நாங்கள் எழுதிய ஒரு பக்கத் தாள்களும், ஆள் விபரக் கொப்பிக்குச் சம்மதம் கேட்கும் கடிதத்தின் மாதிரியும் எங்களிடம் இருக்கின்றன. எந்த நிலையமானாலும் படி எடுத்துக்கொள்ளலாம். காணித் தாளைப் பயன்படுத்த முன் உங்கள் ஊர்ச் சட்டத்தரணி அல்லது நொத்தாரிசு ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். முதலாம் பதிப்பில் நாங்கள் போட்டிருந்த ஒரு கந்தோரின் வேலை நேரம் இப்போது மாறிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரிய நூலகர் ஒருவர்,
வலிகாமம்.